மேரி வார்னொக்: விடுபட்டுப்போன 2005

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பிரித்தானிய மெய்யியலாளர் மேரி வார்னொக் சீமாட்டியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். மனிதக் கரு ஆய்வுக்குப் பதினான்கு நாள் எல்லையைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர், 1984இல் டேம் பட்டம், மறு வருடம் வாழ்நாள் பிரபுப் பட்டம், கேம்பிரிட்ஜில் கேர்ட்டன் கல்லூரியின் தலைவி என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அவருடைய கல்விப் பணிக்கு ஒதுக்கியிருந்தது ஒரேயொரு வரி. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் எல்லோரையும் சாதாரண பாடசாலையில் சேர்க்கச் சொன்ன அறிக்கையை எழுதியவர் என்று அதில் இருந்தது. அது பிழை. ஆட்டிசம் உள்ள ஒரு மகனை இங்கிலாந்தில் வளர்த்தவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அறிக்கைக்கு முன்னால் இங்கே நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1970இல் ஒரு சட்டம் வரும்வரை, கடுமையான மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளைக் ‘கற்பிக்க முடியாதவர்கள்’ என்று எழுதிக் கல்வித் திணைக்களம் கைகழுவியது. அவர்களைச் சுகாதாரத் திணைக்களத்தின் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பெயர்: குருடர், செவிடர், வலிப்புக்காரர், ‘கல்வியில் தாழ்ந்தோர்’. இந்தக் கடைசிப் பெயரைச் சூட்டித்தான் லண்டனில் கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகளை அளவுக்கு மிஞ்சித் தனிப் பாடசாலைகளுக்குத் தள்ளினார்கள். குடியேறி வந்த நம்மைப் போன்றவர்கள் இதை மறக்கக் கூடாது.

அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் மார்கரட் தட்சர். இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்வி பற்றி ஆராய அவர் 1973இல் அறிவித்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர்தான் வார்னொக். ஒக்ஸ்போர்டில் பதினேழு வருடம் மெய்யியல் கற்பித்தவர், பிறகு ஆறு வருடம் ஒக்ஸ்போர்ட் உயர்தரப் பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தவர். அவருடைய மூத்த அண்ணனுக்கு ஆட்டிசம். வாழ்நாளைப் பராமரிப்பு இல்லத்தில் கழித்த மனிதர் அவர். கட்டுரையில் அதைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

1978இல் வெளிவந்த அந்த அறிக்கையின் தொடக்கத்தில் ஒரு பகுதியை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். கல்வியின் நோக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான், போகும் பாதைதான் வேறு என்பது அதன் சாரம். சிலருக்கு நேர்ப் பாதை, சிலருக்குக் கல்லும் முள்ளும். பிள்ளையின் குறை என்ன என்று கேட்பதை விட்டு, அந்தப் பாதையில் போக அதற்கு என்ன உதவி தேவை என்று கேட்கச் சொன்னார்கள். பழைய பெயர்ப் பட்டியலைத் தூக்கி எறியச் சொன்னார்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் படிக்கும் காலத்தில் எப்போதாவது இந்த உதவி தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். பெற்றோரைப் பங்காளிகள் என்று அழைத்து ஒரு அத்தியாயமே எழுதினார்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதிலிருந்து பிறந்தது. பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளூர்க் கவுன்சில் எழுதித் தந்த, ‘ஸ்டேட்மென்ட்’ என்று நாங்கள் நாயாய் அலைந்து வாங்கிய பத்திரமும் அதோடுதான் வந்தது.

எல்லோரையும் ஒரே வகுப்பில் இருத்து என்று அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை. ஒரே வளவில் இருப்பது, சேர்ந்து விளையாடிச் சாப்பிடுவது, சேர்ந்து படிப்பது என்று மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது. சிறப்புப் பாடசாலைகள் தொடர்ந்து தேவைப்படும் என்றும் வெளிப்படையாகச் சொன்னது.

என் மகனுக்கு 2004இல், ஐந்து வயதில், ஸ்டேட்மென்ட் கிடைத்தது. ஆறு மாதத்தில் தர வேண்டியதைக் கவுன்சில் பதினான்கு மாதம் இழுத்தது. தேவையை மதிப்பிடுவதும் அதற்குக் காசு கொடுப்பதும் ஒரே கவுன்சில் என்றால் வேறு எப்படி நடக்கும்? கடைசியில் சாதாரண பாடசாலையில் இடம் கிடைத்தபோது நான் சாமிக்கு விளக்கு வைத்து அழுதேன். ஒரு நாள் மத்தியானம் அவனை நேரத்தோடு கூட்டி வரப் போனேன். வகுப்பு முழுவதும் பாயில் வட்டமாக இருந்து கதை கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மட்டும் கோட்டுகள் தொங்கும் மூலையில், உதவி ஆசிரியையோடு, சுவரைப் பார்த்தபடி இருந்தான். பதிவேட்டில் அவன் அந்த வகுப்புப் பிள்ளை. அந்த மூன்று வருடத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

2005இல் வார்னொக் ஒரு சிறு வெளியீடு எழுதினார். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் சேர்ப்பது என்ற கொள்கை, தமது அறிக்கையின் மிக மோசமான விளைவாக இருக்கலாம் என்று அதில் சொன்னார். ஸ்டேட்மென்ட் முறையும் சரிவரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரே கட்டடத்தில் இருப்பதால் மட்டும் ஒரு பிள்ளை அந்த இடத்துக்குச் சொந்தமாகிவிடாது என்றும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பெரிய பாடசாலைகளில் படும் பாட்டைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல கோபப்பட்டன. நானும்தான். பெரிய இடத்துப் பெண்மணி, எங்களுக்குத் திறந்த கதவைச் சாத்தப் பார்க்கிறார் என்று வீட்டில் கத்தினேன். 2007இல், ஒரு சிறப்புப் பாடசாலையில் எட்டுப் பிள்ளைகள் மட்டுமே உள்ள ஒரு வகுப்புக்கு மகனை மாற்றிய பிறகுதான் அதே வெளியீட்டை அமைதியாக வாசித்தேன். அங்கேதான் அவனுக்கு முதல் சிநேகிதன் கிடைத்தான். இன்று தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போகிறான்.

அந்த வெளியீட்டை எழுதியபோது வார்னொக்குக்கு வயது 81. தன் பெயரால் ஒரு நாடே அழைக்கும் அறிக்கையில் தவறு நேர்ந்ததை, யாரும் வற்புறுத்தாமல், அச்சில் எழுதிக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர்? எனக்கு அவருடைய எந்தப் பட்டத்தையும் விட இதுதான் பெரிதாகப் படுகிறது. எல்லாச் சிறப்புப் பாடசாலையும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரண பாடசாலையில் மலர்ந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அவரும் அதை மறுக்கவில்லை.

2017ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த ‘கம்பானியன் ஒஃப் ஒனர்’ கௌரவம், சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்குச் செய்த சேவையையும் குறிப்பிட்டே வழங்கப்பட்டது. 2019 மார்ச்சில், 94 வயதில் காலமானார். பல பெற்றோர் உங்கள் இதழை வாசிக்கிறார்கள். மகனையோ மகளையோ எங்கே சேர்ப்பது என்று இந்த வருடமும் சிலர் தவித்துக்கொண்டிருப்பார்கள். எனவே அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி, 1978 அறிக்கையோடு 2005 வெளியீட்டையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிழக்கு லண்டன்