எத்தனை நாளாக என்று முதலில் கேள்

ஏற்காடு,
மார்கழி மாதம்.

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, பனி அதிகம், அம்மாவின் முழங்கால் எப்போதும்போல இருக்கிறது. மற்றவற்றைத் தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீ இப்போதெல்லாம் எடுப்பதில்லை; எடுத்தாலும் வார்டில் இருப்பதாகச் சொல்லி உடனே வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன்.

ஐப்பசியில் நீ எழுதியிருந்த நோயாளியைப் பற்றி நான் உனக்குப் பதில் சொல்லவே இல்லை. எட்டு நாள் காய்ச்சல், டெங்கு இல்லை, மலேரியா இல்லை, வைடால் என்ற டைபாய்டு ரத்தச் சோதனை மட்டும் லேசாகக் காட்டுகிறது என்பதற்காக டைபாய்டு மருந்து தொடங்கப்பட்டிருந்த அந்தப் பெண்ணை, நீ திரையை இழுத்துவிட்டுத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்திருந்த பொருக்கைக் கண்டுபிடித்தாய். உண்ணிக்காய்ச்சல் என்று முடிவு செய்து டாக்ஸிசைக்ளின் கொடுத்தாய். 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருக்கும். அப்படி ஒன்று இருப்பது நோயாளிக்கே தெரியாது. புதர் வெட்டப் போகிறவர்களின் உடலில் சிற்றுண்ணியின் இளம்புழு ஏறிக் கடித்துவிட்டுப் போன பிறகு காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகிவிடுவதால், காட்டையும் காய்ச்சலையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதும் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும், நாம்தான் தேட வேண்டும். நீ தேடினாய். உன் செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

காய்ச்சல் என்று வருகிறவரிடம் எத்தனை நாளாக என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். நாள் கணக்கு தெரிந்தால் பாதி நோய்கள் தாமாகவே விலகிக்கொள்கின்றன. இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னாலும் முதுகிலும் வலி என்றால் டெங்குவை நினைக்கிறோம். அப்போது ரத்தத்தில் என்எஸ்1 என்ற டெங்கு வைரஸ் புரதத்தைப் பார்த்தால் பயன் உண்டு, ஐந்து நாள் கடந்துவிட்டால் ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதத்தைப் பார்க்கிறோம். காய்ச்சல் விட்டும் மூட்டுகள் விடாமல் படிக்கட்டு இறங்க முடியாதவர்களை 2006-இல் ஊர் ஊராகப் பார்த்தோம், அது சிக்குன்குனியா. காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறி, நாக்கில் வெள்ளை படர்ந்து, உடல் கொதிக்கும் அளவுக்கு நாடி ஏறாமல் ஒரு வாரத்தை நெருங்குகிறவருக்கு டைபாய்டு இருக்கலாம். அதை உறுதிசெய்ய ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் வேண்டும், முதல் வாரத்து வைடாலை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வயல் நீரில் நின்றவரின் கெண்டைக்காலைத் தொட்டால் துடித்துப்போகிறார், கண்கள் பீளை இல்லாமல் சிவந்திருக்கின்றன என்றால் எலிக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் உதறி வியர்த்து ஓய்கிறவருக்கு மலேரியா. ஆனால் தொடக்கத்தில் அந்த ஒழுங்கு இருக்காது.

டெங்குவில் நாள் கணக்கு இன்னும் கூர்மையாக வேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று தாய் வீட்டுக்குப் புறப்படுகிற நான்காம், ஐந்தாம் நாளில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்ச்சி, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறத் தட்டணுக்கள் இறங்குவது ஆகியவற்றை அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்காவிட்டால் பிள்ளை நம் கண் முன்னால் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். நோய் குறைவதுபோல் தோன்றும் நேரத்தை நம்பாதே, கண்ணு. இது டெங்குவுக்காக மட்டும் சொல்வதல்ல.

இரண்டு வாரம் கடந்த காய்ச்சலையும் இருமலையும் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. நான் சேலத்தில் புறநோயாளிகளைப் பார்த்த காலத்தில் இருமலோடு வந்தவர்கள் அனைவரிடமும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. அம்மாப்பேட்டையிலிருந்து வந்த நெசவாளர் பஞ்சுத் தூசி என்பார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறவர் பட்டறைப் புகை என்பார். மலையிலிருந்து இறங்கி வருகிற தோட்டத் தொழிலாளி பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார். அவர்கள் பொய் சொல்லவில்லை. தூசியும் புகையும் பனியும் உண்மைதான். ஆனால் தூசியால் மாலை நேரத்தில் காய்ச்சல் வராது, புகையால் இரவில் தலையணை நனையாது, பனியால் மூன்று மாதத்தில் உடல் இளைக்காது. அந்தக் காரணத்தைக் கேட்டு இருமல் மருந்து எழுதி அனுப்பினால் அவர்கள் மறுபடி வரும்போது சளியில் ரத்தம் இருக்கும், அதற்குள் வீட்டில் இன்னும் இருவர் இருமிக்கொண்டிருப்பார்கள். ஆகவே என் பிரிவில் இரண்டு வாரம் இருமியவர் எவராயினும் சளி கொடுக்காமல் மருந்துச் சீட்டு வாங்கியதில்லை.

உன் இருமலுக்குக் காரணம் டெல்லிப் புகை என்கிறாய். தீபாவளிக்கு வந்தபோதும் அதையே சொன்னாய். இங்கே ஏற்காட்டுக் காற்றில் இருந்த நாட்களிலும் விடியற்காலையில் நீ இருமியதை நான் கேட்டேன், அம்மாவும் கேட்டாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கச் சொல்லி அவளிடம் நீ கொடுத்துவிட்டுப் போனாயாம். இப்போது தொலைபேசியில் பேசும்போது நடுவே சில நொடிகள் உன் பக்கத்துச் சத்தம் அடியோடு நின்றுவிடுகிறது, பிறகு நீ வேகமாகப் பேசத் தொடங்குகிறாய். இருமும்போது ஒலியை நிறுத்திவிடுகிறாய் என்று எனக்குப் புரியாது என்றா நினைத்தாய்? ஊரார் உடம்பில் மறைந்திருக்கும் பொருக்கைத் தேடிக் கண்டுபிடிக்கிற நீ உன் உடம்பை ஏன் பார்க்க மறுக்கிறாய் என்று கேட்கத்தான் இத்தனை தூரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எல்லா இருமலும் காசநோய் அல்ல என்பதை நானும் அறிவேன். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருகிற இருமல் எட்டு வாரம்வரை நீடிக்கலாம். ஆஸ்துமாவாக இருக்கலாம், அப்படியானால் இரவில் இழுப்பு இருக்கும். இரைப்பை அமிலம் மேலேறுவதாக இருக்கலாம். சிறுவயதில் போட்ட தடுப்பூசியின் காப்பு தேய்ந்து கக்குவான் இருமலே வந்திருக்கலாம். அதில் தொடர்ந்து இருமி முடிவில் வாந்தி வரும். இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் மூன்று ஆண்டுகளாக நெஞ்சக நோயாளிகள் நிறைந்த வார்டில் இரவும் பகலும் நிற்கிற, சரியாகச் சாப்பிடாத, உடல் இளைத்த ஒருவர் உன்னிடம் நோயாளியாக வந்தால் நீ எதை முதலில் எழுதுவாய்?

ஒன்றை மிகவும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கையில் கிடைக்கிறது என்று லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுக்காதே. காசநோய்க் கிருமியை அது சற்று அடக்கிவைக்கும், ஒரு வாரம் தேறியதுபோல் இருக்கும், சளிச் சோதனை ஏமாற்றும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ஸ்டீராய்டும் வேண்டாம். கையில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மேன்டூ சோதனையைச் செய்து உனக்குள் நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ளவும் வேண்டாம். நம் நாட்டில் பெரியவர்களுக்கு அது தடித்தால் கிருமி எப்போதோ நுழைந்தது என்றுதான் பொருள், இப்போது நோய் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சளி கொடு. நெஞ்சுப் படம் எடு. சளி கொடு என்பதை மறுபடியும் எழுதுகிறேன்.

சின்ன அத்தைக்கு நடந்ததும், அதை அப்பத்தா எத்தனை காலம் சூட்டு இருமல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் உனக்குத் தெரியும். தை மாதம் நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதை எண்ணித்தான் நீ பேசாமல் இருக்கிறாய் என்று அம்மா நினைக்கிறாள். அதுதான் காரணம் என்றால் அவர்கள் வைகாசியில் வரட்டும், ஆவணியில் வரட்டும், வராமலே போகட்டும். உன்னைவிட எனக்கு அந்தச் சம்பந்தம் பெரிதல்ல. இந்தப் பெயரைக் கேட்டால் ஊர் பயப்படுவது பழைய பழக்கம். நோயாளியை மலைமேல் சானடோரியத்தில் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறார், உடன் வாழ்கிறவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று சென்னையில் நடந்த ஆய்வுதான் 1959-60-இல் உலகத்துக்கே காட்டியது. மருந்துக்கு அடங்கும் வகை என்றால் ஆறு மாத மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கிறது. இதை உன் நோயாளிகளுக்கு நீ தினமும் சொல்கிறாய். உன்னைப்போல் பொறுமையாக அதைச் சொல்கிற மருத்துவர்கள் குறைவு என்று உன்னோடு படித்த பெண் அம்மாவிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதே நேரம் கோபமும் வந்தது.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல், தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழ மூச்சிழுத்து இருமி வருகிற சளியைக் கொடு. எச்சிலைக் கொடுத்துவிட்டு நெகட்டிவ் என்று எழுதாதே. இரண்டாவது மாதிரியும் கொடு. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவியில் போடச் சொல். கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். உன் மருத்துவமனையிலேயே செய்துகொள்ளக் கூச்சமாக இருந்தால் வேறு அரசு மையத்துக்குப் போ. முடிவு வரும்வரை வார்டில் என்95 முகக்கவசத்தைக் கழற்றாதே, குழந்தைகள் பிரிவுக்குப் போகாதே, அறைச் சன்னலைக் குளிர் என்று மூடிவைக்காதே, உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி அவளையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

நெஞ்சுப் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பு. நுரையீரலின் மேல்பகுதிகளை நானும் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து டெல்லிக்கு ரயில் நேரங்களைக் கேட்டு வைத்திருக்கிறேன். நீ பதில் எழுதினால் அதைப் பார்த்துச் சீட்டு எடுப்பேன், எழுதாவிட்டால் பொங்கலுக்கு முன்பே புறப்பட்டு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா.