கிட்டாரை அலமாரி மேல் ஏற்றிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை இசை வகுப்புகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தூத்துக்குடியில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் 20 வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன், அதனால் இதை எழுதத் தோன்றியது.

மே மாதம் ஆசையாக வாங்கிக் கொடுத்த கிட்டார் ஆடி பிறப்பதற்குள் அலமாரி மேல் ஏறிவிடுகிறது, "பையனுக்கு மியூசிக் வரல" என்று வீட்டிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கிட்டாரை வாங்கி மீட்டிப் பார்த்தால் ஆறு கம்பியில் நாலு சுருதியில் இருக்காது. பையன் விரலைச் சரியாகத்தான் வைத்திருப்பான், தப்பாகக் கேட்பதால் தன்மேலேயே சந்தேகப்பட்டு விட்டுவிடுகிறான். இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

முதல் வகுப்பிலேயே சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுங்கள். செல்போன் ஆப் இருக்கட்டும், ஆனால் அது ஸ்வரத்தின் எழுத்தை மட்டும் காட்டும், கம்பி ஒரு ஸ்தாயி (ஸ-விலிருந்து மேல் ஸ வரை) மேலே போனாலும் அதே எழுத்துதான், அப்படி முறுக்கி முதல் கம்பியை அறுத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தடித்த ஆறாவது கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) அழுத்தினால் வரும் ஒலிதான் அடுத்த கம்பியைச் சும்மா மீட்டும்போதும் வரவேண்டும். இப்படியே கீழே வரவேண்டியது, மூன்றாவது கம்பியில் மட்டும் நாலாம் ஃப்ரெட். சுருதி ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கம்பியை முறுக்கும் கீயில் இருக்கும் தொய்வு இரண்டு பாட்டுக்குள் கம்பியை மறுபடி இறக்கிவிடும். ஜி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்தான் கார்டு) பிடித்து அது இனிக்கும்வரை இரண்டாவது கம்பியை இறக்குகிறவர்களும் உண்டு. அடுத்து ஈ கார்டு பிடித்தால் கசக்கும். ஃப்ரெட்டுகள் ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரிக்கின்றன, அதில் எந்தக் கார்டும் முழுச் சுத்தமாக இருக்காது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்களைப் போலக் கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கொண்டல் (கீழ்க்காற்று) அடித்தால் மரம் ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். கச்சான் (மேல்காற்று) அடித்துக் காய்ந்தால் இறங்கும். ஆகவே தினமும் சேர்க்கத்தான் வேண்டும், அது கிட்டாரின் குறையில்லை. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள், வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி என்ன செய்தாலும் சுருதியில் நிற்காது. வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். என் தங்கை மகனின் நைலான் கம்பிக் கிட்டாருக்கு ஒரு கடையில் ஸ்டீல் கம்பி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும், ஸ்டீல் என்றால் 70 கிலோவைத் தாண்டும். ஒரே மாதத்தில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிட்டது, பிள்ளை அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கம்பி விற்கும்போது எந்தக் கிட்டாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பாடகர் குழு வாசகர், தூத்துக்குடி