அன்பு மகளுக்கு: அவசரப்படுத்தும் குரலைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். புது வேலைக்கு வந்த அழைப்பைப் பற்றி எழுதிவிட்டு, "இது கர்த்தர் காட்டும் வழியா, என் ஆசையா, எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருந்தாய். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேவனிடமிருந்து வருகிற வழிநடத்துதல் சோதித்துப் பார்ப்பதைத் தாங்கும். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய கையோடு, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் பவுல் எழுதுகிறார். ஆகவே "யோசிக்காதே, யாரிடமும் கேட்காதே, இன்றைக்கே செய்துவிடு" என்று உள்ளே ஒரு குரல் நெருக்கினால், அது எவ்வளவு பக்தியாகப் பேசினாலும் சரி, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை.

ஏற்கெனவே கட்டளையாக இருப்பதற்கு இந்தச் சோதனை தேவையில்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதா, புண்படுத்தியவளிடம் மன்னிப்புக் கேட்பதா என்றெல்லாம் வழி காட்டும்படி ஜெபித்துக்கொண்டிருப்பது காலத்தைத் தள்ளிப்போடுவதுதான். அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த வகைதான். கூட வேலை செய்பவளுக்குச் சுருக்கென்று ஒரு பதில் அனுப்பிவிட்டாய் என்று வைத்துக்கொள். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது "அந்த இரண்டாவது வரியை எழுதியிருக்கக் கூடாது, நாளைக் காலை அவளிடம் போய்ச் சொல்" என்று தோன்றுகிறது. எது தவறு, யாரிடம், எப்போது என்று மூன்றும் அதில் தெளிவாக இருக்கின்றன. பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "நீ எப்பவும் இப்படித்தான், உன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை" என்று பொத்தாம்பொதுவாகக் குத்துவது குற்றஞ்சாட்டுகிறவனான சாத்தானின் வேலை. அதில் மனந்திரும்புவதற்கு ஒரு பிடியும் கிடைக்காது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு நோட்டை எடுத்து, எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுது. "என் எதிர்காலம்" என்று எழுதினால் ஜெபிக்கவே முடியாது. "இந்த வேலையை ஏற்றுக்கொள்வதா, இருக்கிற இடத்தில் இன்னும் ஒரு வருடம் இருப்பதா" என்று எழுது. அதற்குக் கீழே உனக்கு எது பிடித்திருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடு. பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், ஒரு காரியத்தில் தன் சொந்த விருப்பம் அடங்கும்வரை தேவசித்தத்தைத் தேடுவதில் அடுத்த படிக்குப் போகமாட்டார். கஷ்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆசை இருப்பது பாவமில்லை. அதைக் கர்த்தருடைய சத்தம் என்று பேர் மாற்றி வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

தூக்கமில்லாமல், பசியோடு, கோபத்தோடு இருக்கும்போது எதையும் முடிவு செய்யாதே. சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் கர்த்தருடைய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தது.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. பிற்காலத்தில் பிஷப்பான அகுஸ்தீன் மனந்திரும்பியபோது அப்படிச் செய்யவில்லையா என்பாய். 386இல் மிலான் நகரத்தில் ஒரு தோட்டத்தில் அவர் கண்ணில் பட்டது ரோமர் 13:13, 14. வெறியையும் காமத்தையும் விட்டுக் கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை அது. அது தன் கடமை என்று அவருக்கு முன்பே தெரியும். கீழ்ப்படியத்தான் மனம் வராமல் இருந்தது. எந்த ஊரில் வேலைக்குப் போவது என்று அவர் அங்கே தேடவில்லை.

வரிசையாகப் படி. நீதிமொழிகளில் 31 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மாதத்துக்குச் சரியாக வரும். வேலை, கூலி, பிணைப்படுதல், நாக்கு, கூட்டாளி என்று நீ தீர்மானிக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் அதில் அளவுகோல் இருக்கிறது. ஒரு வசனம் மனதைப் பிடித்தால், அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களைப் படித்து, யாருக்கு எப்போது சொல்லப்பட்டது என்று பார். இடம் மாறப் போகிறவர்கள் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வார்கள், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்தில், அங்கே 70 வருஷம் முடிந்த பிறகே திரும்பி வருவீர்கள் என்று இருக்கிறது. இன்னும் மேலே ஐந்தாம் வசனத்தில், சிறைப்பட்டுப்போன பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருக்கிறது. இருக்கிற இடத்தில் நிலைத்திருக்கச் சொன்ன கடிதத்தை எடுத்துப் புறப்படுவதற்கு வாக்குத்தத்தமாக்குவது அதற்குச் செய்யும் நியாயம் இல்லை.

வாசல் திறந்திருக்கிறது, அதனால் இது தேவசித்தம் என்று நினைக்கிறாயே, அந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் பயப்படுகிறேன். கர்த்தருக்குத் தப்பி ஓட யோனா யோப்பா துறைமுகத்துக்குப் போன நேரம் தர்ஷீசுக்குக் கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா என்கேதி குகைக்குள் தானாக வந்து அகப்பட்டபோது, கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதின் ஆட்கள் வசனம் பேசினார்கள். தாவீதோ அவன் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே மனம் அடித்துக்கொண்டான். வசதியாக அமைவது ஒரு தகவல்தான். அதை நோட்டில் எழுது, ஆனால் பதில் என்ற இடத்தில் எழுதாதே.

"மனதுக்குச் சமாதானமாக இருக்கிறது" என்பதையும் தனியாக நம்பிவிடாதே. கர்த்தரை விட்டு ஓடிய யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்குள் நின்ற இயேசு கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். சமாதானத்தை எடைபோட ஒரு வழி உண்டு. 1521இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த போர்வீரர் லொயோலா இஞ்ஞாசியார் கவனித்தது அது. வீரசாகசங்களைக் கற்பனை செய்யும்போது இனித்தது, கொஞ்ச நேரத்தில் வறண்டுபோனது. கிறிஸ்துவைப் பின்பற்றுவதைப் பற்றி நினைத்தது போன பிறகும் சந்தோஷத்தை விட்டுவைத்தது. நீயும் அப்படிப் பார்க்கலாம். மூன்று நாள் "ஏற்றுக்கொண்டேன்" என்று மனதில் முடிவு செய்தவளைப் போல இரு. அடுத்த மூன்று நாள் "இங்கேயே இருக்கிறேன்" என்று இரு. ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு வரி எழுது: ஜெபிக்க முடிந்ததா, மற்றவர்களிடம் பொறுமை கூடியதா குறைந்ததா.

ஐந்து மணிக்குள் போன் வந்தால் போகிறேன் என்பதுபோல் அடையாளம் வைக்காதே. கிதியோன் ஆட்டுரோமத் தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டது வழி தெரியாததால் இல்லை. யுத்தத்துக்குப் போகக் கர்த்தர் அவனுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. "நீர் சொன்னபடி" என்று அவனே ஜெபத்தில் சொல்கிறான். பயத்தால் கேட்டான், கர்த்தர் பொறுத்துக்கொண்டார்.

ஆலோசனைக்கு மூன்று பேர் போதும். உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவர், அந்தத் தொழிலை நன்றாகத் தெரிந்த ஒருவர், உன் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத விசுவாசி ஒருவர். சம்பளம், வேலை நேரம், நீ எதிலிருந்து தப்பிக்க நினைக்கிறாய் என்பது வரை சொல்லிவிட்டுக் கேள். பாதியை மறைத்தால் உன் சொந்தக் கருத்தே அவர்கள் வாயிலிருந்து திரும்பி வரும். யாராவது வந்து "கர்த்தர் உன்னைக் குறித்து எனக்குச் சொன்னார்" என்றால், மரியாதையோடு கேட்டு, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வை. அன்றைக்கே எதுவும் செய்யாதே. 1 இராஜாக்கள் 13ஐப் படி. தேவதூதன் சொன்னான் என்று கிழத் தீர்க்கதரிசி சொன்ன பொய்யை நம்பி, தனக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளையை மீறிய தேவமனுஷனை வழியில் சிங்கம் கொன்றது. பணம், கலியாணம் பற்றி யார் இப்படிச் சொன்னாலும் உடனே எனக்கும் அப்பாவுக்கும் சொல்.

இத்தனையும் செய்த பிறகு இரண்டும் நல்லதாகவே தெரிந்தால் கலங்காதே. புருஷனை இழந்தவள் யாரை மணப்பது என்பதில், கர்த்தருக்குட்பட்டவனாயிருக்க வேண்டும் என்ற ஒரே எல்லையைப் போட்டுவிட்டு, மனதாயிருந்தபடி செய்யப் பவுல் அவளுக்கே விட்டுவிடுகிறார். அவரும் அன்றைய ஆசியா மாகாணத்துக்கும் பித்தினியாவுக்கும் போக முயன்று தடைபட்டவர்தான். மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லித் துரோவாவில் தரிசனம் கண்ட பிறகும், கூட இருந்தவர்கள் சேர்ந்துதான் அதை அழைப்பு என்று நிச்சயித்தார்கள். போன இடத்தில் விசுவாசித்து வீட்டில் இடம் கொடுத்த லீதியாளும் கிடைத்தாள், அடியும் சிறையும் கிடைத்தது. அதனால் ஏற்றுக்கொண்ட பிறகு முதல் மாதம் கஷ்டமாக இருந்தால், வழி தப்பிவிட்டேன் என்று முடிவு கட்டிவிடாதே. என்ன காரணங்களுக்காகத் தீர்மானித்தாய் என்று தேதி போட்டு எழுதி வை. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இன்னும் ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று நாளைக்கே எழுதிக் கேள். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா, என்னென்ன பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு. அப்பாவையும் கூட உட்கார வைக்கிறேன்.

உன் அம்மா