செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: கண்ணகி நகர் வேலை உதவி மற்றும் சுயதொழில் பிரிவு

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கும், வேலை உதவி மேசைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் தணிக்கையாளர் கையெழுத்தோடு தனித்தாளாக உங்களிடம் தரப்பட்டுள்ளன. அவற்றை இங்கே திரும்பப் படிக்கவில்லை. என்ன செய்தோம், எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் பகுதிக்குப் பக்கத்தில் வேலை இல்லை என்று வெளியார் சொல்வது சரியல்ல. 2000ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து குடிவைத்தபோது, அவர்கள் செய்துவந்த வேலைகள் எட்டாத தூரத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலை நமக்கு அருகிலேயே இருக்கிறது. துரைப்பாக்கம், காரப்பாக்கம், பெருங்குடி அலுவலகங்களுக்கு ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் ஆட்கள் ஆண்டு முழுவதும் வேண்டும். நம் மக்கள் வேலையில் சேர்கிறார்கள்; 3 மாதம் நிற்பதில்லை. அங்கேதான் சிக்கல். இதுவரை பயிற்சி முகாம், வேலைவாய்ப்பு முகாம் என்று சேர்த்துவிடுவதற்கே சங்கம் பணத்தைச் செலவழித்தது. இந்த ஆண்டு நிற்கவைப்பதற்குச் செலவழித்தோம். செயற்குழுவில் இதை எதிர்த்தவர்கள் உண்டு. இந்த முடிவு சரியென்றே இன்றும் நம்புகிறேன்.

ஏன் நிற்பதில்லை? 5ஆம் தேதி ஒருவர் சேர்ந்தால், சட்டப்படி நடக்கும் நிறுவனத்தில்கூடச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்தான் வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே 7ஆம் தேதியைத்தான் சொல்கிறது. சில இடங்களில் வருகைப் பதிவை 20ஆம் தேதியோடு முடித்துவிடுவதால், முதல் சம்பளம் 16 நாளுக்குத்தான் கிடைக்கிறது. அன்றன்று மாலையில் கூலி வாங்கிப் பழகிய வீட்டில், ஒரு மாதத்துக்கும் மேல் கையில் காசு வராது. உடனே தண்டல், அதாவது தினவசூல் கடன், வாங்குகிறார்கள். 10,000 என்று எழுதி 9,000 அல்லது 8,500தான் கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். தினம் கட்டுவதற்குத் தினக்கூலிதான் தோது. அதனால் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுப் பழைய கூலிக்கே திரும்புகிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இதற்காக மகளிர் குழுக்களின் சேமிப்போடு சங்க நிதியையும் சேர்த்து முதல் மாதக் கைமாற்று தொடங்கினோம். வேலையில் சேர்ந்த கடிதத்தைக் காட்டினால் சனிக்கிழமைதோறும் 1,000 வீதம் 4 வாரம் தருகிறோம். சம்பளம் வரத் தொடங்கியபின் மாதம் 1,000 வீதம் 4 மாதத்தில் திருப்பவேண்டும், வட்டி இல்லை. ஆரம்பத்தில் 4,000ஐயும் மொத்தமாகக் கொடுத்தது நாங்கள் செய்த தவறு. வாங்கிய அன்றே அது பழைய கடனுக்குப் போய்விட்டது. இரண்டாவது வாரம் அரிசிக்குக் காசில்லை. வாரவாரம் என்று மாற்றிய பிறகுதான் அந்தப் பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நின்றது.

அடுத்தது காகிதம். மேசைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இதுதான். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவில் கணவர் பெயரின் இனிஷியல். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முழுத் தேதி இருக்கும். முகவரி இன்னமும் பழைய ஆற்றங்கரைத் தெருவாகவே இருக்கும். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் பின்னாளில் பி.எஃப். பணம் எடுப்பது தடைபடலாம். எனவே வரிசை முக்கியம்: முதலில் ஆதாரைத் திருத்தவேண்டும், அடுத்து பான், பிறகு வங்கிக் கணக்கு, கடைசியில் யூ.ஏ.என்., அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்த நேரும்.

கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய யூ.ஏ.என். போட்டுவிடுவது இன்னொரு தொல்லை. ஒரே கட்டடத்தில், ஒரே துடைப்பத்தோடு வேலை செய்தவருக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. பணம் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. ஓய்வூதியத்துக்கான சேவைக்காலமும் சேராது. சேரும் அன்றே பழைய எண்ணைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்காகவே எண்ணை அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுக்கிறோம். புதிதாக எண் எடுப்பவர்கள் இப்போது மத்திய அரசின் உமங் கைபேசிச் செயலியில் முகம் காட்டவேண்டும். நம் வீடுகளின் உள்ளறையில் வெளிச்சம் போதாமல் அது திரும்பத் திரும்பத் தவறுகிறது. காலை 10 மணிக்கு மாடி வராந்தாவில், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்றால் எடுத்துவிடும்.

சம்பளச் சீட்டைப் படிக்க வாரம் ஒரு மாலை சொல்லித்தருகிறோம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 என்றால், 12% பி.எஃப். பிடித்தம் 1,440, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) 0.75%, அதாவது 90. வேறு பிடித்தம் இல்லையென்றால் கையில் 10,470 வரவேண்டும். பி.எஃப். வரியில் 2,880 என்று இருந்தால், நிறுவனம் போடவேண்டிய பங்கையும் தொழிலாளியிடமே பிடிக்கிறார்கள் என்று பொருள். அது சட்டவிரோதம். இப்படி ஒரு சீட்டு ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. எழுத்தில் கேட்ட பிறகு சரிசெய்தார்கள். வாயால் கேட்டபோது பதிலே இல்லை. வேலையை விட்டால் கணக்கு முடித்து 2 வேலை நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் உண்டு. இதையும் எழுதிக் கேளுங்கள்.

அவசரப்பட்டு வேலையை விடுபவர்களுக்கு ஒன்று. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி கிடைக்க, பொதுவாக 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா இருக்கவேண்டும். 70 நாளில் விட்டவருக்கு அந்தக் காலக் கணக்கில் அந்த உதவி இல்லை. இன்னும் 8 நாள் வேலை செய்திருந்தால் போதும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

முகவரிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 600097 என்ற பின்கோடு துரைப்பாக்கத்துக்கும் நமக்கும் பொது; ஆனால் கண்ணகி நகர் என்று எழுதினால் மட்டும் வேலை விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதலாமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். சங்கம் அதற்கு உடன்படவில்லை. காவல் சரிபார்ப்பில் முகவரி வேறாக இருந்தால் வேலையே போய்விடும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் நம் கார்த்திகா ஆடியபோது, ஊர் முழுக்கக் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே சொன்னது. அந்தப் பெயரை நம் பிள்ளைகள் மறைக்கவேண்டாம்.

சுயதொழிலில் இட்லி மாவுக் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து. சுமார் 12 கிலோ மாவு வரும். மாவின் தரத்தில் குறையில்லை. ஏப்ரல், மே வெயிலில் பொங்கத் தொடங்கிய மாவைக் கவரில் போட்டு ஒட்டியதால் கடையில் வெடித்தது. மதியத்துக்குள் புளித்துத் திரும்பி வந்தது. இப்போது விடியலில், குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்து, அரைத்த சூட்டோடு விடாமல் குளிரவைத்துக் கட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, தேதி, விலை எல்லாம் கவரில் அச்சாகியிருக்கவேண்டும். முதல் கட்டு கவரில் பதிவு எண் விட்டுப்போனதால் மொத்தமும் வீணானது. கணக்கிலும் ஒரு ஓட்டை. அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் எழுதினார்கள். தங்கள் கூலியை எழுதவில்லை. எழுதிப் பார்த்தபோது லாபம் என்று நினைத்தது பாதிக்குமேல் கூலிதான். விலை ஏற்றச் சொல்லியிருக்கிறோம், அவர்கள் தயங்குகிறார்கள்.

தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்கு: மத்திய அரசின் ஸ்வநிதி கடன் 2025 ஆகஸ்டில் மாற்றியமைக்கப்பட்டு, முதல் சுற்றுக் கடன் 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000 ஆகியிருக்கிறது. வியாபாரி அடையாள அட்டை அல்லது உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமும், ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணும் முதலில் வேண்டும். மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டினால்தான் 7% வட்டி மானியம் கிடைக்கும்.

பொதுக்குழு முடிவெடுக்கவேண்டியவை: காலை 7 மணி ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் 6.15க்கே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். அப்போது அங்கன்வாடி திறந்திருக்காது. அங்கன்வாடி திறக்கும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தரைத்தளத்தில் ஓர் அறை கேட்டு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு விண்ணப்பிக்க அனுமதி வேண்டுகிறேன். அந்த அறையில் இருக்கும் இரண்டு அக்காமார்களுக்கு மாதச் சம்பளம், தன்னார்வம் என்ற பெயரில் இலவச வேலை அல்ல. அதற்கான பணத்தை இவ்வாண்டு முகாம் செலவிலிருந்து மாற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்