ரீமர் வாங்குவதற்கு முன்னால்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டபோது பட்டறையில் ஆட்கள் நின்றார்கள், அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 15இல் இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் வேலைக்கு நிற்பதால் பகலில் நேரமே இல்லை. இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எந்த டேப்பர் ரீமர், அதாவது ஓட்டையை ஒரு முனை சிறுத்து வரும்படி இழைக்கும் பல் டூல், வாங்கலாம் என்று கேட்டாய். அந்த ஓட்டைக்குள் என்ன உட்காரப் போகிறது என்பதை முதலில் பார் தாயி. ஒரு முனை சிறுத்த டேப்பர் பின், அதுவும் மெட்ரிக் என்றால் 50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடும். பழைய அங்குலக் கணக்கு மிஷினில் அது 48க்கு 1. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் பின் ஒரு முனையில் மட்டும் பிடித்து, அதிர்வில் கழன்றுவிடும்.

உன் ஆர்டர் 6 மி.மீ. பின், 50 நீளம் என்றாய். அந்த 6 சின்ன முனையின் அளவு. பெரிய முனை 7 வரும். 5.9 டிரில்லை முழுக்க இறக்கு. அப்புறம் 6.3 டிரில்லை மேலே பெரிய முனையிலிருந்து 35 மி.மீ. ஆழத்துக்குக் கொஞ்சம் முன்னாலும், 6.6ஐ 20க்குக் கொஞ்சம் முன்னாலும் நிறுத்து. இப்படிப் படிப்படியாகப் போட்டுவிட்டால் ரீமருக்குச் சுமை குறையும், பல் நிற்கும். கையால் போடுவதற்கு நேர்ப்பல் ரீமர் போதும். மிஷினில் என்றாலோ, ஓட்டையில் கீ உட்காரும் பள்ளம் (கீவே) வெட்டியிருந்தாலோ இடதுமுறுக்குப் பல்தான் நல்லது. அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளாது. எதுவானாலும் பின்பக்கமாகச் சுற்றி எடுக்காதே, பல் முனை போய்விடும்.

ஒன்றிரண்டு பெரிய ஓட்டைக்கு ரீமர் செலவு வேண்டாம், லேத்தில் போரிங் டூலே போதும். அங்கேதான் நான் ஒரு தடவை தப்புச் செய்தேன். ஒரு படகின் புரொப்பல்லர் ஓட்டைக்கு 12க்கு 1 டேப்பர். லேத்தில் டூலைச் சாய்த்து நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடைப் பாதிக் கோணத்துக்கு, 2 டிகிரி 23 நிமிடத்துக்கு வைக்க வேண்டும். அந்த ஸ்கேலில் நிமிடம் எங்கே தெரிகிறது? குத்துமதிப்பாக வைத்து, சாஃப்டில் புளூ மை தடவி ஓட்டையில் எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று பார்க்காமலே கொடுத்துவிட்டேன். பெரிய முனையில் மட்டும் பிடித்திருக்கிறது. நடுக்கடலில், புரொப்பல்லரைச் சாஃப்டோடு பூட்டும் கீ வெட்டுப்பட்டு, வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. நாலு பேர் உயிர் அதில் இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அதற்கப்புறம் சாஃப்டின் டேப்பரிலேயே டயல் கேஜை ஓட்டி, முள் அசையாதபடி ஸ்லைடைச் சரிசெய்கிறேன். முக்கால்வாசிக்கு மேல் புளூ ஒட்டாமல் எதையும் வெளியே கொடுப்பதில்லை.

ஆர்டர் கொடுத்தவரிடம் பழைய பின் ஒன்று வாங்கி, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்து சொல். அளவு வந்த பிறகு ரீமருக்குப் பணம் அனுப்புகிறேன். அதுவரை கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கிவிடாதே.

அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா