விடுப்பு முடிந்து லே திரும்பும் வீரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சியாச்சின் வீரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'மேலே போகப்போகக் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது' என்று எழுதியிருந்தீர்கள். சதவீதம் எங்கும் ஏறக்குறைய 21தான். குறைவது காற்றழுத்தம். 18,000 அடியில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பாதி. மலையில் உயிர் காக்கும் அழுத்தப் பை இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. நோயாளியை உள்ளே படுக்கவைத்துப் பம்ப் அடித்தால், பல ஆயிரம் அடி கீழே இறங்கியதற்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். பம்ப் அடிப்பதை நிறுத்திவிடக் கூடாது. அவர் விட்ட மூச்சின் கரியமில வாயு உள்ளேயே தேங்கிவிடும்.

1962 போரையொட்டிச் சமவெளியிலிருந்து அவசரமாக மலையேற்றப்பட்ட வீரர்களிடம்தான் உயரத்தால் வரும் நோய்களை நம் ராணுவ மருத்துவர்கள் விரிவாகக் கண்டார்கள். இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். மிக ஆபத்தானது நுரையீரலில் நீர் கோப்பது. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. சுருங்காத பகுதிக்கு ரத்தம் மிகுந்த அழுத்தத்தோடு பாய, காற்றறைகளில் நீர் கசிகிறது. பெரும்பாலும் மேலே போன இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வரும். வறட்டு இருமல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கல். இதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருந்தால் ஆளை இழப்போம். ஆக்சிஜன் கொடுத்து, உடனே 3,000 அடியாவது கீழே இறக்க வேண்டும்.

இதைத் தடுக்கத்தான் ராணுவம் மூன்று கட்டமாக உடலைப் பழக்குகிறது: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அசெட்டசோலமைடு மாத்திரை துணை செய்யும், ஆனால் இந்த நாட்களுக்கு ஈடாகாது.

கட்டுரை விட்டுவிட்டது விடுப்பை. ஊருக்கு வந்து நான்கு வாரத்துக்கு மேல் இருந்தவரின் உடல் மலையை மறந்துவிடும். விமானத்தில் நேரே லடாக்கில் 11,500 அடி உயரத்தில் உள்ள லே நகருக்குத் திரும்பினால் அவரும் புது ஆள்தான். முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே 'நமக்குப் பழக்கம்தானே' என்று முதல் நாளே மூட்டை தூக்குவதுதான் கவலை தருகிறது.

இறங்கி வருபவருக்கும் ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் மேலே இருந்தால் சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டிப்படும். உடலில் நீர் வற்றும். பனிப்புயல் நாட்களில் கூடாரத்துக்குள் அசையாமல் கிடக்க நேரும். நீண்டநாள் உயரத்தில் தங்கியவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் சுமார் 30 மடங்கு என்று 2001இல் வெளியான நம் ராணுவ மருத்துவர்களின் ஆய்வு சொன்னது. அதற்கு மேல் ஊருக்கு நாள்கணக்கில் ரயில் பயணம் வேறு.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் உள்ள ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள மருத்துவர்களை வேண்டிக் கேட்கிறேன்: விடுப்பில் வந்த வீரர் ஒற்றைக்கால் வீக்கம், நெஞ்சுவலி, விடாத தலைவலி என்று வந்தால், 'எத்தனை அடி உயரத்தில், எத்தனை மாதம் இருந்தீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். கேட்டால், வீக்கத்துக்குத் தைலம் எழுதிக்கொடுக்கும் முன், காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்கத் தோன்றும்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ மருத்துவப் பணியாளர்,
வேலூர்.