தரங்கம்பாடிக் கடற்கரையில் எங்களைத் தாங்கிய கைகளுக்கு

அன்பிற்குரிய தரங்கம்பாடி சபையாருக்கும், மீனவச் சகோதரர்களுக்கும், திருக்கடையூரில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய கரையில் நின்று ஒருமுறையேனும் உயிர்த்தெழுதல் ஞாயிறு அதிகாலை ஆராதனையில் கலந்துகொள்ள வேண்டும் என்பது, 81 வயதான எங்கள் அம்மாவின் நெடுநாள் ஆசை. தமிழ்ப் புதிய ஏற்பாடு இவ்வூரில்தான் 1715இல் அச்சேறியது என்று அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்த ஆசையை நிறைவேற்றவே திருநெல்வேலியிலிருந்து ஒன்பது பேராகப் புறப்பட்டு, மயிலாடுதுறையில் தங்கி, 20.4.2025 அன்று விடியுமுன் வேனில் கிளம்பினோம்.

திருக்கடையூரை நெருங்கும்போது பின் சக்கரம் பஞ்சராகி, மாற்று டயரிலும் காற்றில்லை என்று தெரிந்தபோது நாங்கள் மனமுடைந்துபோனோம். அந்நேரத்தில், பெற்றோரின் சதாபிஷேகத்திற்காக அபிராமி கோயிலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தார் தங்கள் காரை நிறுத்தி விசாரித்து, அம்மாவையும் எங்களில் மூவரையும் கடற்கரை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தங்கள் வீட்டு நல்ல காரியத்தின் அவசரத்திலும் எங்களுக்காக அவர்கள் ஒதுக்கிய அந்த நேரத்தை நாங்கள் மறக்க மாட்டோம்.

கடற்கரையில் இன்னொரு கவலை காத்திருந்தது. சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் மணலில் அச்சு வரை புதைந்துவிட்டன. சபையார் கூடியிருந்த இடமோ தொலைவில், நீர் விளிம்பை ஒட்டி இருந்தது. அது விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் சிறு படகுகளே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்படியொரு படகைத் தள்ள நின்ற நான்கு சகோதரர்கள், நாங்கள் கேட்காமலே வந்து, அம்மாவை நாற்காலியோடு தூக்கிச் சென்று முன்வரிசையில் அமர்த்தினார்கள். அவர் முகத்தில் ஈரக்காற்று அடிப்பதைக் கண்ட ஒருவர், தம் தோளிலிருந்த துண்டை உதறி அவருக்குப் போர்த்திவிட்டார்.

அன்று போதகர் ஐயா மாற்கு 16ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, கல்லறை வாசலிலிருந்து கல்லை யார் புரட்டித் தருவார் என்று பேசிக்கொண்டே போன பெண்களின் கவலையை, வாழ்நாளில் முதன்முறையாக எங்கள் கவலையாகவே கேட்டேன். டான்ஸ்போர்க் கோட்டைச் சுவர் இருளிலிருந்து மெல்லத் தெளிந்து, சூரியன் கடலுக்கு மேல் சிவந்து எழுந்த வேளையில், காற்றில் மூன்று முறை அணைந்த அம்மாவின் மெழுகுவர்த்தியை, பக்கத்தில் நின்ற சகோதரி ஒருவர் மீண்டும் ஏற்றி, ஆராதனை முடியும் வரை தம் முந்தானையால் மறைத்துப் பிடித்திருந்தார். நடுங்கும் குரலில் அம்மா பாடியதைக் கேட்டு, பேரப்பிள்ளைகளும் புத்தகத்தை மூடிவிட்டு அவரோடு சேர்ந்து பாடினார்கள்.

அந்நியரான எங்களுக்கும் சுக்குக் காப்பியும் இட்லியும் தந்து, பின்னால் வந்த எங்கள் வேனுக்கு வழிகாட்ட முச்சந்தியில் ஆள் நிறுத்திய சபையாருக்கும், புதிய எருசலேம் ஆலயத்துக்கு அழைத்துச் சென்ற இளைஞர்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

அந்த நான்கு மீனவச் சகோதரர்களின் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது படகு அலையைத் தாண்டியிருந்தது. அவர்களை அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: துண்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அம்மா தினமும் இரவு ஜெபத்தில் அவர்கள் நால்வரையும் நினைக்கிறார்.

நன்றியுடன்,
திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்தார்